வலையில் மூச்சடங்கும் ஓங்கில்கள்: நமக்கென்ன பங்கு?

(மலாக்கா நேயர்கள் கலந்துகொண்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டால்பின்களைக் காப்பாற்ற வேண்டும் என்று சொன்னவுடன், "ரப்பர் மரத்தையும் செம்பனையையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நமக்கும் கடலில் துள்ளும் டால்பினுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர்காஜாவிலும் இருப்பவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போவது முறையல்ல.

சம்பந்தம் மூன்று வகையில் இருக்கிறது. முதலாவது, நம் சமையலறை. காலைச் சந்தையில் வாங்கும் கெம்போங் மீனும், மளிகைக் கடையில் எடுக்கும் சூரை மீன் டின்னும் ஏதோ ஒரு வலையில் விழுந்து வந்தவை. இரண்டாவது, நம் ஆறுகள். லிங்கி ஆறும் மலாக்கா ஆறும் கெசாங் ஆறும் தோட்டங்களையும் பட்டணங்களையும் கடந்து, நாம் எறிவதையெல்லாம் சுமந்துகொண்டு கடலில் சேருகின்றன. மூன்றாவது, அந்தக் கடலின் பெயர். உலக வரைபடத்தில் அந்த நீரிணைக்கு நம் மாநிலத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மலாக்கா நீரிணையில் என்ன நடக்கிறது என்று மலாக்கா மக்கள் தெரிந்து வைத்திருப்பதுதானே அழகு!

தமிழ்நாட்டின் மன்னார் வளைகுடா மீனவர்கள் டால்பினை 'ஓங்கில்' என்பார்கள். நம் மொழியிலேயே பெயர் இருக்கும்போது அதையே பயன்படுத்துவோம்.

மீன் போலத் தெரியும், ஆனால் மீன் அல்ல

ஓங்கில் மீன் இனத்தைச் சேர்ந்தது அல்ல. நம்மைப் போலவே நுரையீரலால் மூச்சு விடுகிறது. குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. தலையின் மேற்புறத்தில் இருக்கும் மூச்சுத் துளையின் வழியாகக் காற்றை இழுக்க அது அடிக்கடி நீரின் மேற்பரப்புக்கு வந்தாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், வலை அதற்கு ஏன் எமனாகிறது என்பது எளிதில் விளங்கும்.

ஒரு மீன் வலையில் மாட்டினால், தண்ணீருக்குள் இருக்கும் வரை சில மணி நேரமாவது உயிரோடு இருக்கும். ஓங்கில் மாட்டினால் அப்படி இல்லை. மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் சில நிமிடங்களிலேயே அது இறந்துவிடும். கடலிலேயே பிறந்து கடலிலேயே வாழ்ந்த பிராணி, தண்ணீருக்குள் மூச்சுமுட்டிச் சாகிறது. மீனவர் காலையில் வலையை இழுக்கும்போது அது எப்போதோ இறந்திருக்கும். அவர் அதைப் பிடிக்க எண்ணியதும் இல்லை. அதனால் அவருக்கு ஒரு காசு வரவும் இல்லை. மாறாக, அறுந்த வலைதான் மிச்சம்.

"ஓங்கில் புத்திசாலி ஆயிற்றே, வலையைக் கண்டு விலகாதா?" என்று கேட்கலாம். ஓங்கில் ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு வழி அறிகிறது. கலங்கிய நீரிலும் அதற்குக் 'கண்' தெரிவது அப்படித்தான். ஆனால், இன்றைய செவுள்வலைகள் மிக மெல்லிய நைலான் இழைகளால் ஆனவை. அந்த இழையிலிருந்து திரும்பும் எதிரொலி மிகவும் பலவீனமானது. இரையைத் துரத்தும் வேகத்தில் அது கவனத்தில் படாமலே போகலாம். அதுவும், மீன் எங்கே கூடுகிறதோ அங்கேதான் மீனவரும் வலை விரிப்பார்; ஓங்கிலும் அங்கேதான் வரும். இருவரும் ஒரே இரையைத் தேடி ஒரே இடத்துக்கு வருகிறார்கள். பகை இல்லாமலே ஒருவர் மற்றவருக்கு ஆபத்தாகி விடுகிறார்.

உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் ஓங்கில்களும் திமிங்கிலங்களும் இப்படித் தற்செயலாக வலைகளில் சிக்கி இறக்கின்றன என்று விஞ்ஞானிகள் மதிப்பிட்டுள்ளனர். இவற்றைக் கொல்லும் காரணங்களில் இன்று முதலிடம் வகிப்பது இந்த எதிர்பாராத வலைச் சாவுதான்.

ஒரு சின்னக் கணக்கு

"கடலில் எத்தனையோ இருக்கின்றன, பத்து இருபது செத்தால் என்ன?" என்போருக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு கெம்போங் மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஓங்கில் ஒரு முறைக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். கர்ப்ப காலமே ஏறக்குறைய ஓராண்டு. குட்டியை வளர்த்து, அடுத்ததை ஈன இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

ஆகவே, எல்லாச் சூழ்நிலையும் சாதகமாக இருந்தாலும் ஓர் ஓங்கில் கூட்டம் ஆண்டுக்கு 4 விழுக்காடு அளவுக்குத்தான் பெருகும் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கணக்கு. ஓரிடத்தில் 100 ஓங்கில்கள் இருந்தால், இயற்கைச் சாவு போக ஆண்டுக்கு 4 கூடலாம். அந்த இடத்தில் வலைகளில் 5 மாட்டிக்கொண்டால் போதும், எண்ணிக்கை சரியத் தொடங்கிவிடும். ஐந்து என்பது யாருக்கும் பெரிய எண்ணாகத் தோன்றாது. மாதத்துக்கு ஒன்றுகூட இல்லை. எந்தப் பத்திரிகையிலும் செய்தி வராது. ஆனால், 20 ஆண்டு கழித்துப் பார்த்தால் கூட்டம் மெலிந்து கிடக்கும்.

ஒரு கேமரா செய்த வேலை

தொலைக்காட்சித் துறையில் இருப்பதால், ஒரு படச்சுருளின் வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கிழக்குப் பசிபிக் கடலில் மஞ்சள் துடுப்புச் சூரை மீன்கள் ஏனோ ஓங்கில் கூட்டங்களுக்கு அடியிலேயே நீந்திச் செல்லும். 1950களின் இறுதியில் அங்குள்ள பெரிய மீன்பிடிக் கப்பல்கள் இதைச் சாதகமாக்கிக் கொண்டன. ஓங்கில்களை வேகப்படகுகளால் துரத்தி வளைத்து, சுற்றிலும் சுருக்குவலையை இறக்கினால், கீழே இருக்கும் சூரை மீனெல்லாம் அகப்பட்டுவிடும். கூடவே ஓங்கில்களும். இந்த முறையால் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓங்கில்கள் இறந்திருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது.

அமெரிக்கா 1972ஆம் ஆண்டிலேயே கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆனாலும் சாவு நிற்கவில்லை. 1986ஆம் ஆண்டில் மட்டும் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் அதிகமான ஓங்கில்கள் மடிந்தன. அறிக்கைகள் வெளிவந்தன, மக்கள் அவற்றைப் படிக்கவில்லை.

1987ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சாம் லபட் என்ற இளம் உயிரியலாளர், பனாமா கொடி தாங்கிய ஒரு சூரை மீன் கப்பலில் சமையல்காரராக வேலைக்குச் சேர்ந்தார். கையில் ஒரு சிறிய வீடியோ கேமரா. வலைக்குள் ஓங்கில்கள் துடிப்பதையும், இயந்திரத்தில் நசுங்குவதையும், செத்தவற்றைக் கடலில் வீசுவதையும் அவர் படம் பிடித்தார். 1988ஆம் ஆண்டில் அந்தக் காட்சிகள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக் கொண்டிருந்தவர்கள், தட்டில் இருக்கும் மீன் எப்படி வந்தது என்பதை முதன்முதலாகக் கண்டார்கள்.

பள்ளி மாணவர்கள் டின் மீன் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். தாய்மார்கள் அந்த டின்னை வாங்க மறுத்தார்கள். 1990ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், அமெரிக்காவின் மிகப் பெரிய சூரை மீன் டின் நிறுவனமான ஸ்டார்கிஸ்ட், ஓங்கில்களை வளைத்துப் பிடித்த மீனை இனி வாங்குவதில்லை என அறிவித்தது. மற்ற இரண்டு பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. அதே ஆண்டில் 'டால்பின் பாதுகாப்பு' முத்திரைக்கான சட்டமும் வந்தது. கப்பல்களில் கண்காணிப்பாளர்கள் அமர்த்தப்பட்டார்கள். வலையின் விளிம்பைத் தாழ்த்தி ஓங்கில்களை வெளியேற்றும் நுட்பத்தில் மாலுமிகளுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. 1993ஆம் ஆண்டில் அங்கே ஓங்கில் சாவு 4,000க்கும் கீழே வந்தது. அதன் பின்னர் இன்னும் குறைந்து ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் என்ற அளவை எட்டியது.

ஒரு லட்சத்து முப்பதாயிரம் எங்கே, ஆயிரம் எங்கே! மக்கள் பார்த்தார்கள், கேட்டார்கள், கப்பல்காரர்களும் கற்றுக்கொண்டார்கள். மூன்றும் சேர்ந்ததால்தான் இது நடந்தது.

முத்திரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை?

நம் ஊர்க் கடைகளிலும் சில டின்களில் துள்ளும் ஓங்கில் படம் போட்ட முத்திரையைக் காணலாம். அது இருந்தால் கடலுக்கே நன்மை என்று எண்ணிவிடக் கூடாது. அந்த மீனைப் பிடிக்க ஓங்கில்களைத் துரத்தி வளைக்கவில்லை, கொல்லவில்லை என்பதே அதன் பொருள். ஆமை சிக்கியதா, சுறா சிக்கியதா என்பதையெல்லாம் அது பேசாது. ஒரு சந்தேகத்துக்கு விடை கிடைக்கும், அவ்வளவுதான்.

இந்தியப் பெருங்கடலின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே சூரை மீனைப் பிடிக்கப் பல நாடுகள் மிதக்கும் செவுள்வலைகளைப் பயன்படுத்துகின்றன. 1950 முதல் 2018 வரை அந்த வலைகளில் சுமார் 41 லட்சம் ஓங்கில்களும் சிறு திமிங்கிலங்களும் சிக்கியிருக்கும் என்று 2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பசிபிக்கில் நடந்தது உலகத்துக்கே தெரியும். இது பெரும்பாலோருக்குத் தெரியாது. காரணம் என்ன? இங்கே பெருங்கப்பல் இல்லை. ஆயிரக்கணக்கான சிறு படகுகள். கேமராவும் இல்லை, கண்காணிப்பாளரும் இல்லை. விரல் நீட்டிக் குற்றம் சாட்ட ஒரு நிறுவனமும் இல்லை.

காலம் கடந்து விழித்தால்...

பிரச்சாரம் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

சீனாவின் யாங்சி ஆற்றில் பைஜி என்ற ஆற்று ஓங்கில் வாழ்ந்தது. தூண்டில் வரிசைகளும் வலைகளும் மின்சார மீன்பிடிப்பும் கப்பல் போக்குவரத்தும் அணைகளும் அதை விழுங்கின. 2006ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் அந்த ஆற்றில் ஆறு வாரங்கள் தேடினார்கள். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் வாகிட்டா என்ற மிகச் சிறிய கடற்பாலூட்டி இருக்கிறது. ஓங்கிலின் நெருங்கிய உறவு. 1997ஆம் ஆண்டில் சுமார் 570 இருந்தன. டொட்டொவாபா என்ற பெரிய மீனின் காற்றுப்பைக்குச் சீனச் சந்தையில் கொள்ளை விலை. அந்த மீனுக்குத் திருட்டுத்தனமாக விரித்த செவுள்வலைகளில் வாகிட்டாக்கள் வரிசையாக மாண்டன. 2015ஆம் ஆண்டில் அரசாங்கம் செவுள்வலையைத் தற்காலிகமாகவும், 2017இல் நிரந்தரமாகவும் தடை செய்தது. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மிஞ்சியவை ஏறக்குறைய பத்து! தடை வந்தது, மீனவர் குடும்பங்களுக்கு மாற்று வழி சரியாக வரவில்லை. கள்ளச் சந்தை கொடுக்கும் பணத்தின் முன் தடை தோற்றுப் போனது.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. கம்போடியாவின் மேகோங் ஆற்றில் ஐராவதி ஓங்கில்கள் 1997இல் சுமார் 200 இருந்தவை, 2020இல் 89 ஆகக் குறைந்தன. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லாவோஸ் எல்லைப் பகுதியில் எஞ்சியிருந்த கடைசி ஓங்கிலும் இறந்தது. அதன் பின்னர் காவல் படகுகளும் பாதுகாப்பு எல்லைகளும் கடுமையாக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை 105 என்று வந்தது. இந்தியாவில் கங்கை ஓங்கிலை 2009ஆம் ஆண்டில் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தார்கள். 2025ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான அறிக்கையின்படி அங்கே ஆற்று ஓங்கில்கள் 6,327. எண்ணத் தொடங்கியதே ஒரு வெற்றி. எண்ணாத பொருளை எப்படிக் காப்பது?

நம் நீரிணையில் யார் வாழ்கிறார்கள்?

தீபகற்பத்தின் மேற்குக் கரையோரம் மூன்று இனங்கள் முக்கியமானவை. முதலாவது, ஐராவதி ஓங்கில். உருண்டைத் தலை, மூக்கு நீட்டல் இல்லை, முதுகுத் துடுப்பு சிறியது. இது அழியும் அபாயத்தில் உள்ள இனமாக உலகப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இரண்டாவது, கூனல் முதுகு ஓங்கில். குட்டியில் சாம்பல் நிறமாக இருந்து வயதாக ஆக இளஞ்சிவப்பாக மாறும். மூன்றாவது, முதுகுத் துடுப்பே இல்லாத கடற்பன்றி இனம். பின்னிரண்டும் எளிதில் பாதிக்கப்படக்கூடியவை என்ற பட்டியலில் உள்ளன. மூன்றுமே கரையோரத்திலும் ஆற்று முகத்துவாரத்திலும் வாழ்பவை. நாம் மீன் பிடிப்பதும், படகு ஓட்டுவதும், கடலை மண் கொட்டித் தூர்ப்பதும் அதே கரையோரத்தில்தான்.

இவற்றைப் பற்றி நம் நாட்டில் முறையாக ஆராய்ந்து வருபவர்களில் முன்னணியில் இருப்பவர் முனைவர் லூய்சா பொன்னம்பலம். அவர் இணைந்து தோற்றுவித்த மேர்செட் ஆய்வு அமைப்பு 2012ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. லங்காவித் தீவுகளிலும், பேராக் மாத்தாங் கரையோரத்திலும், ஜொகூர்த் தீவுகளின் கடற்பசுக்களிடத்திலும் அவர்களுடைய பணி நடக்கிறது.

மாத்தாங் என்றதும் நம்மவர்களுக்கு ஒரு பழைய தொடர்பு நினைவுக்கு வர வேண்டும். அங்குள்ள குவாலா செப்பேத்தாங்தான் அந்நாளைய போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டு தைப்பிங்கிலிருந்து அங்கேதான் போடப்பட்டது. இரயில் போய் வெகு காலமாகிவிட்டது. ஆனால் தமிழிலும் பெயர் எழுதிய பழைய நிலையப் பலகை இன்னும் நிற்கிறது. அந்தப் பலகையைப் பார்க்கப் போகும் தமிழர்கள், அங்கிருந்து படகில் சற்றுத் தூரம் போனால் ஓங்கில்களைக் காணலாம். சுமார் 40,000 ஹெக்டர் சதுப்புநிலக் காட்டின் நிழலில், மீனும் இறாலும் பெருகும் அந்தக் கரையோரத்தில் 700க்கும் மேற்பட்ட ஐராவதி ஓங்கில்கள் இருப்பதாக ஆய்வு சொல்கிறது. அனைத்துலக அளவில் முக்கியக் கடற்பாலூட்டிப் பகுதி என்ற தகுதியும் அந்த நீர்ப்பரப்புக்குக் கிடைத்துள்ளது.

எப்படி எண்ணுகிறார்கள் தெரியுமா? ஒவ்வோர் ஓங்கிலின் முதுகுத் துடுப்பிலும் வெட்டு, தழும்பு, மடிப்பு என ஏதோ ஓர் அடையாளம் இருக்கும். அதைப் படம் பிடித்து, மைகார்டு எண் போலப் பதிவு செய்து, மறுபடி கண்டால் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அந்தத் தழும்புகளில் பல, வலையும் கயிறும் படகு இயந்திரமும் இட்டவை.

மலாக்காவுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. மஸ்ஜிட் தானா அருகிலுள்ள பாடாங் கெமுந்திங்கில் ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. தீபகற்பத்திலேயே அழுங்காமைகள் மிகுதியாக முட்டையிட வருவது நம் மாநிலக் கரைக்குத்தான். ஆமையும் நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. அதே வலை அதையும் கொல்லும். ஓங்கிலுக்காக நாம் செய்வது ஆமையையும் காக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் 27ஆவது பிரிவு கடற்பாலூட்டிகளையும் ஆமைகளையும் பிடிப்பதையும் தொந்தரவு செய்வதையும் தடுக்கிறது. 1999ஆம் ஆண்டின் அழிந்துவரும் மீனினக் கட்டுப்பாட்டு விதிகளின் பட்டியலில் ஓங்கிலும் திமிங்கிலமும் கடற்பசுவும் உள்ளன. வெடி, நஞ்சு, மின்சாரம் கொண்டு மீன் பிடிப்பதும் சட்டப்படி குற்றம். 1981ஆம் ஆண்டு முதல் கரையோரக் கடலைப் பாரம்பரிய மீனவர்களுக்கு ஒதுக்கி, இழுவலைப் படகுகளைத் தள்ளி வைக்கும் மண்டல முறையும் நடைமுறையில் இருக்கிறது.

பலருக்குத் தெரியாத ஒரு செய்தி அந்த 27ஆவது பிரிவிலேயே இருக்கிறது. தவிர்க்க முடியாமல் ஓங்கில் வலையில் சிக்கினால், உயிரோடு இருந்தால் உடனே விடுவிக்க வேண்டும். இறந்திருந்தால் மீன்வள அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். அதாவது, வேண்டுமென்றே செய்யாத மீனவர் உண்மையைச் சொல்வதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. இதை அறியாத மீனவர் என்ன செய்வார்? பயந்துபோய் உடலைக் கடலில் மூழ்கடித்து விடுவார். எங்கே, எப்போது, எந்த வலையில் என்ற தகவல் அதோடு சேர்ந்து மூழ்கிவிடும். அந்தத் தகவல் இல்லாமல் ஆய்வாளர் எந்த இடத்தைக் காப்பது, எந்த வலையை மாற்றச் சொல்வது? ஆகவே, பயத்தைப் போக்குவதே பிரச்சாரத்தின் முதல் வேலை.

மீனவரைப் பகைத்துக்கொண்டு ஆகாது

இந்த இடத்தில் சற்று வெளிப்படையாகப் பேச வேண்டும். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, "வலையைத் தடை செய்யுங்கள்" என்று சொல்வது எளிது. உஜோங் பாசிரில் தலைமுறை தலைமுறையாகக் கெராகாவ் இறால் பிடித்து வாழ்ந்த போர்த்துகீசிய வம்சாவளி மீனவர்களை எண்ணிப் பாருங்கள். கடலைத் தூர்த்ததால் அவர்களின் கரையே தள்ளிப்போனது. டீசல் செலவு ஒரு பக்கம், குறையும் மீன் ஒரு பக்கம். அப்படிப்பட்டவரிடம் போய், "ஓங்கிலைக் காப்பாற்ற உன் வலையை அறுத்து விடு" என்றால், "அறுந்த வலைக்கு யார் காசு கொடுப்பார்?" என்றுதான் அவர் திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத பிரச்சாரம் மேடையோடு முடிந்துவிடும். வாகிட்டாவின் கதை நமக்குச் சொல்வது அதைத்தான்.

தோட்டத்தில் வாழ்ந்த நமக்கு இது புதிதல்ல. தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது, மேம்பாடு என்ற பெயரில் முடிவை யாரோ எடுத்தார்கள். லயத்தைக் காலி செய்தவர்கள் நாம். அந்த வலி தெரிந்த சமுதாயம், மீனவர் தலையில் மட்டும் சுமையை ஏற்றும் தீர்வை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

மீனவருக்கு அதிகம் நட்டமில்லாத வழிகள் இருக்கின்றன. பாகிஸ்தான் மீனவர்கள் சூரை மீன் வலையை மேற்பரப்பில் மிதக்க விடாமல் இரண்டு மீட்டர் தாழ்த்தி விரித்துப் பார்த்தார்கள். ஓங்கில்கள் சிக்குவது பெருமளவு குறைந்தது. மீன் வரத்தில் பெரிய இழப்பு இல்லை. வலையில் கட்டும் சிறு ஒலிக்கருவிகள் சில இனங்களை விலகச் செய்கின்றன. ஆனால், அதற்கு விலை உண்டு, மின்கலம் மாற்ற வேண்டும், எல்லா இனத்துக்கும் பலிப்பதில்லை. வலையை இரவு முழுக்க விட்டுவிடாமல் அருகிலேயே இருந்து காவல் காப்பது, ஓங்கில் கூட்டம் வரும் முகத்துவாரங்களில் குறிப்பிட்ட பருவத்தில் வலை விரிக்காமல் இருப்பது ஆகியவையும் உதவும். இவற்றுக்கு ஆகும் செலவையும் அறுந்த வலைக்கான ஈட்டையும் அரசாங்கமும், மீன் விற்று இலாபம் காணும் நிறுவனங்களும், மீன் உண்ணும் நாமும் பகிர்ந்துகொள்வதே நியாயம்.

தமிழ்நாட்டில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடற்பசுக் காப்பகத்தை 2022ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். அங்கே கடற்பசுவை வலையிலிருந்து விடுவித்த மீனவர்களை மேடையேற்றிப் பாராட்டிப் பரிசு கொடுக்கிறார்கள். மீனவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் காவலராக்கும் அந்த முறை நமக்கும் பொருந்தும். மியன்மாரின் ஐராவதி ஆற்றிலோ, மீனவர் படகில் தட்டி ஓசை எழுப்ப, ஓங்கில்கள் மீன்களை வலைப்பக்கம் ஓட்டி வந்து கொடுக்கும் வழக்கம் தலைமுறைகளாக இருந்து வருகிறது. மீனவரும் ஓங்கிலும் நண்பர்களாக இருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நாம் செய்யக்கூடியவை

பெரிய காரியம் எதுவும் கேட்கவில்லை. நம் கைக்கு எட்டியவை இவை:

மீன் வாங்கும்போது, "இது எந்த வலையில் பிடித்தது, எங்கிருந்து வந்தது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தூண்டிலில் பிடித்ததா, பூபு கூண்டில் பிடித்ததா, இழுவலையா என்று மீன்கடை அண்ணனுக்குப் பெரும்பாலும் தெரியும். கேட்பவர்கள் பெருகினால், அவர் மொத்த வியாபாரியிடம் கேட்பார்.

சூரை மீன் டின் வாங்கும்போது எந்தக் கடலில், எந்த முறையில் பிடித்தது என்று எழுதியிருக்கும் டின்னைத் தேர்ந்தெடுங்கள். எழுதாதவற்றின் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். 1990இல் மாற்றத்தைக் கொண்டுவந்தவை அத்தகைய கடிதங்களே.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் தூண்டில் போடும் நண்பர்களே, அறுந்த தங்சி நூலையும் கிழிந்த வலையையும் நீரில் விடாதீர்கள். நைலான் மக்காது. மீனவர் கைவிட்ட பிறகும் அது ஆண்டுக்கணக்கில் தானாகவே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். ஆற்றில் மின்சாரம் பாய்ச்சுவதையும் நஞ்சு கலப்பதையும் கண்டால் மீன்வளத் துறையிடம் தெரிவியுங்கள்.

சுற்றுலாவில் ஓங்கில் பார்க்கப் போனால், படகோட்டியிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். கூட்டத்தின் நடுவே புகுவதும் குட்டியைத் துரத்துவதும் வேண்டாம். நல்ல படத்துக்காக நெருக்கச் சொல்வது பெரும்பாலும் பயணிகள்தான்.

கரை ஒதுங்கிய ஓங்கிலைக் கண்டால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். உடனே கடலுக்குள் தள்ளிவிடவும் வேண்டாம். ஈரத்துணியால் உடம்பைப் போர்த்தி, மூச்சுத் துளையில் தண்ணீரோ மணலோ புகாமல் பார்த்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, மீன்வளத் துறைக்கோ 999 எண்ணுக்கோ தகவல் கொடுங்கள். இறந்து கிடந்தாலும் தெரிவியுங்கள். அந்த உடலில் வலைத் தழும்பு இருக்கிறதா என்பது ஆய்வாளருக்குப் பெரிய செய்தி.

தமிழ்ப்பள்ளி ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களை ஒரு முறை பாடாங் கெமுந்திங்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். நம் தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு பெண் விஞ்ஞானி இந்தக் கடலில் ஓங்கில்களை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று வகுப்பில் சொல்லுங்கள். மருத்துவர், வழக்கறிஞர் என்ற இரண்டு கனவோடு நிற்கும் நம் பிள்ளைகளுக்கு மூன்றாவதாக ஒரு வாசல் இருப்பது தெரியட்டும்.

நேயர்களே, யாங்சி ஆற்றின் கரையில் வாழ்ந்தவர்களும் பைஜி என்றும் இருக்கும் என்றுதான் எண்ணியிருப்பார்கள். நம் நீரிணையில் ஓங்கில்கள் இன்னும் இருக்கின்றன, சட்டமும் இருக்கிறது, ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். நாளைக் காலைச் சந்தைக்குப் போகும்போது, மீனைப் புரட்டிப் பார்த்து விலை கேட்பதோடு, "எந்த வலை, அண்ணே?" என்று சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். பிரச்சாரம் அங்கிருந்தே தொடங்கட்டும்.